ரேடியோ பேசும்வரை நிற்காதவர்

யுத்த காலத்தில் பூந்தமல்லியில் ரேடியோ பழுது பார்க்க ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் பெயரை நான் கேட்டதில்லை. ஒல்லியான ஆள், விரல் நுனியெல்லாம் ஈயம் சுட்ட தழும்புகள். கெட்டிக்காரர்தான், ஆனால் சில வாரங்களாக அவர் பழகிக்கொண்ட ஒரு வழக்கம் எனக்கு எரிச்சலாக இருந்தது. ரேடியோவுக்குள் இருக்கும் கண்ணாடி வால்வு சூடேறிக் குரல் வர அரை நிமிஷம் ஆகும். அதற்குள் பையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிவிடுவார்.

எங்கள் ரேடியோ உயிரே இல்லாமல் கிடந்தபோது அவரை நான்தான் அழைத்து வந்தேன். ரங்கூனில் இருந்த அண்ணனிடமிருந்து கடிதம் நின்றுபோயிருந்தது. அம்மா ரேடியோவுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் சுவரிலிருந்து ஒயரை விரலால் தடவிக்கொண்டே வந்து, எலி கடித்த இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டுப் போட்டார். குமிழைத் திருகியதும் உள்ளே வெளிச்சம் வந்தது. உடனே எழுந்துவிட்டார்.

“பேசுதான்னு பார்க்காம போறீங்களே?” என்று வாசலில் மறித்தேன்.

“பேசும் நைனா. போன மாசம் ஆவடில ஒரு ஊட்ல ரிப்பேர் பண்ணிட்டு நின்னுகினு இருந்தேன். மொதல்ல வந்ததே சிங்கப்பூர் வுழுந்த நியூஸு. அந்தம்மா புள்ள அங்க பட்டாளத்துல கீறான். அந்தம்மா ரேடியோவப் பாக்கல, என்னப் பாத்துச்சு.”

சைக்கிள் தெருமுனை திரும்பியது. உள்ளே ரேடியோ கரகரத்து, ரங்கூன் ஜப்பானியர் வசமாகிவிட்டது என்றது.

அம்மா ரேடியோவைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள்.