கமலா ஆரஞ்சுத் தோலுக்கு ஓர் அறை

கண் விழித்ததும் லாய் சுக்-யிங் முதலில் தொடுவது சுவரைத்தான். உள்ளங்கையால் அல்ல, புறங்கையால். கூடத்துச் சுவர், சமையலறை மூலை, குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் பல் துலக்கப் போவாள். மார்ச் மாதம் தெற்கிலிருந்து காற்று வீசத் தொடங்கிவிட்டால் தென் சீனாவின் சின்ஹுய் ஊரில் சுவரெல்லாம் வியர்க்கும். குளிர்காலத்தின் சில்லிப்பை இன்னும் விடாத சுவரில் கடலிலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்று பட்டதும் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நிற்கும். தரை வழுக்கும். கண்ணாடியில் முகம் தெரியாது.

அந்த நாட்களில் புழுங்குகிறதே என்று ஜன்னலைத் திறப்பவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. "திருடனுக்குக் கதவைத் திறந்து விட்டுட்டு, அப்புறம் போலீஸத் தேடுவாங்க" என்பாள். அவள் வீட்டு ஜன்னல்கள் சாத்தியே இருக்கும். இடுக்குகளில் பழைய துண்டு அடைத்திருக்கும். ஈரத் துணி உள்ளே காயக் கூடாது. கணவர் ஹோய் குளித்துவிட்டுக் கதவைத் திறந்து போட்டால் தொலைந்தார். "ஆவியோட வெளிய வராதீங்க. அங்கயே நின்னு ஆறிட்டு வாங்க." அவரும் பாவம், துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளேயே நின்று ஆறுவார்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அவள் பிழைப்பே ஆவிதான். அரிசிமாவைத் தட்டில் ஊற்றி, ஆவியில் வேகவைத்து, சுருட்டி விற்கும் கடை சந்து முனையில் இருக்கிறது. காலை முழுக்க அந்த வெள்ளை மூட்டத்துக்குள் அவள் குரல் மட்டும்தான் கேட்கும்.

"யிங்கக்கா, ஊருக்கெல்லாம் ஆவி விக்கிறீங்க. வீட்டுல மட்டும் ஏன் இந்தக் கஞ்சம்?" என்று பக்கத்து மீன்கடை பாங் சீண்டுவான்.

"நீ மீன் விக்கிறே. அதுக்காக மீனைக் கட்டில்ல படுக்க வச்சுப்பியா?"

அவன் வாயை அடைத்துவிட்டாளே தவிர, அவள் வீட்டில் நல்ல அறையில் இருப்பதும் மனிதர்கள் இல்லை. படுக்கையறை ஒரு தகரப் பெட்டிக்கு. மகள் நிங் பிறந்த வருடம் உரித்து வெயிலில் காயவைத்த கமலா ஆரஞ்சுத் தோல் அதில் இருக்கிறது. பெண் பிறந்தால் தோல் எடுத்து வைப்பது அவர்கள் வழக்கம். மருந்துக்கும் சமையலுக்கும் ஆகும் அந்தத் தோலுக்கு வருடம் ஏற ஏற மணமும் மதிப்பும் ஏறும். கல்யாணத்தன்று பெண்ணோடு புகுந்த வீட்டுக்குப் போகும். நடுவில் கொஞ்சம் ஈரம் ஏறினாலும் பூஞ்சை பிடித்து அத்தனையும் குப்பைக்குத்தான். அதனால் வீட்டிலேயே நன்றாகக் காய்ந்த உட்சுவரை ஒட்டிப் பெட்டி. அதன் அருகில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம். புருஷன், பெண்டாட்டி, பிள்ளை மூவரும் படுத்தது கூடத்தில்.

"தோலுக்கு மிஷின், நமக்கு விசிறி. அடுத்த பிறவியிலயாவது தோலாப் பொறக்கணும்" என்பார் ஹோய்.

நிங்குக்கு இப்போது இருபத்தெட்டு வயது. ஷென்சென் நகரத்தில் வேலை. கடன் வாங்கி ஒற்றை அறை வீடும் வாங்கியிருக்கிறாள். புத்தாண்டுக்கு வந்தவள் சாப்பிடும்போது சொன்னாள்: "அம்மா, நான் கல்யாணம் பண்ணிக்கப் போறதில்ல. யாரும் ஏமாத்தல, சண்டையும் இல்ல. எனக்கு வேண்டாம், அவ்ளோதான். அந்தத் தோலை வித்துடு."

சுக்-யிங் மீனின் கன்னத்துச் சதையை எடுத்து மகளின் கிண்ணத்தில் வைத்தாள். ஆனால் வலித்தது. ஒரு நாளுக்காகவே இத்தனை வருடம் காவல் இருந்துவிட்டு, அந்த நாளே கிடையாது என்றால் யாருக்குத்தான் வலிக்காது? சில நாட்கள் இயந்திரத்தில் சேர்ந்த தண்ணீரைக்கூட ஹோய்தான் கொட்டினார். "வித்துடலாமா?" என்று மெல்லக் கேட்டும் பார்த்தார். "யாரு தோலை யாரு விக்கிறது?" என்றாள்.

தென்காற்று தொடங்கிய வாரம் நிங்கிடமிருந்து போன் வந்தது. புது வீட்டுச் சுவரெல்லாம் வழிகிறதாம், மெத்தையில் பூஞ்சை வாசமாம். பேச்சுக்கு நடுவே இருமினாள். மறுநாள் சுக்-யிங் கடையைச் சாத்தினாள். வீட்டு வாசலைத் தாண்டாத தகரப் பெட்டியை ரப்பர் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

அம்மா வருகிறாள், பூஞ்சை வாசம் போகட்டும் என்று நிங் ஜன்னலை விரியத் திறந்து வைத்திருந்தாள்.

"நீ சின்ஹுய்ல பொறந்தவதானா, இல்ல ஆஸ்பத்திரில மாத்திக் குடுத்துட்டாங்களா?" என்றபடி சுக்-யிங் அதை இழுத்துச் சாத்தினாள். பெட்டியை ஜன்னலடி நாற்காலியில் வைத்துவிட்டுப் புறங்கையால் சுவர்களைத் தடவிக்கொண்டே போனாள். ஜன்னல் சுவர் சொட்டியது. கட்டில் ஒட்டியிருந்த குளியலறைச் சுவர் நசநசத்தது. பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவரில் மட்டும் அவள் கை நின்றது. அங்கே புத்தக அலமாரி இருந்தது.

அம்மாவின் கை எங்கே நின்றால் என்ன அர்த்தம் என்று நிங்குக்குத் தெரியும். அலமாரியை நகர்த்தத் தொடங்கினாள்.

"கல்யாணம் இல்லாமலே தர்றியாம்மா?"

"உனக்குன்னு வச்சது. வேற யாருக்குத் தர்றது?"

நிங் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப பெட்டி இங்கயே இருக்கட்டும். நான் எங்கயாவது படுத்துக்கறேன், பழக்கம்தானே."

சுக்-யிங் பெட்டியின் பக்கம் திரும்பவே இல்லை. சொட்டுகிற ஜன்னலடியிலேயே அதை விட்டுவிட்டு, குனிந்து கட்டிலின் காலைப் பிடித்து, காய்ந்த சுவரை நோக்கி இழுத்தாள்.