ஆதிலட்சுமிக்கு என்ன பிடிக்கும்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஊரில் என்ன பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று யாரைக் கேட்டாலும் ஆட்டோ வேதகிரியைத்தான் கை காட்டுவார்கள். குடவோலைக் கல்வெட்டு, சுந்தரவரதர் கோயில், வெயில் தாழ்ந்ததும் ஏரிக்கரை என்று சுற்றிக்காட்டிவிட்டு, பசிக்கிற நேரமாகப் பார்த்துத் தன் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து இறக்குவார். அவர் மனைவி ஆதிலட்சுமி நடத்திய மெஸ் அது. மிளகும் சீரகமும் மணக்கும் இட்லி, சுடச்சுட சாம்பார், மதியம் சாப்பாடு. சுத்த சைவம். கோயிலுக்கு வருகிறவர்கள் சாப்பிடும் இடத்தில் கவிச்சி வாடையே கூடாது என்பது வேதகிரி போட்ட சட்டம். பெருநகர் சாலையில் ஐசக்கின் மீன்குழம்புக் கடையை யாராவது விசாரித்தால், "அங்கல்லாம் போவாதீங்க, வயிறு பேஜாராயிடும்" என்பார். பொய்தான். அங்கே அவர் ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்லை.

ஆதிலட்சுமி நெஞ்சுவலியில் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. செல்போன் மேப்புக்கு மட்டும் இது தெரியாது. மெஸ் திறந்திருப்பதாக இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. பரிமாறுகிற அவள் கையைப் படம் போட்டுக் காட்டுகிறது. முன்பின் தெரியாத குரல் பின்சீட்டிலிருந்து "ஆதிலட்சுமி மெஸ்ஸுக்குப் போங்க" என்னும்போதெல்லாம் அவருக்கு முதுகு சில்லிட்டுவிடும். "இன்னிக்கி லீவு" என்பார். செத்துப்போனாள் என்று சொல்ல வாய் வராது.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. காரியத்தன்று படையல் போடும்போது, அவளுக்குப் பிடித்ததை இலையில் வைக்கச் சொன்னார்கள். மனுஷர் திருதிருவென்று விழித்தார். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் என்ன பிடிக்கும் என்று தெரியும். பெண்டாட்டிக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாது. மெஸ்ஸில் பேர் வாங்கிய பண்டங்களையே வைத்தார். காக்கை கூரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பறந்துபோயிற்று. அன்றிலிருந்து பூட்டிய சமையலறைக்குள் யாரோ பாத்திரங்களைத் திறந்து திறந்து பார்க்கிற சத்தம். பூனை என்று அவர் தங்கச்சி சொன்னாள். ஆதிலட்சுமி பசியோடு அலைகிறாள் என்றே வேதகிரிக்குப் பட்டது. வருகிற வாரம் தெவசம். அன்றைக்கும் தப்பான இலையைப் போட்டுவிட்டால் அவள் எங்கே போய்ச் சாப்பிடுவாள்?

அந்த நிலையில்தான் சென்னையிலிருந்து ஜெயப்பிரியா என்ற பெண் வந்தாள். கோயில்களைப் பார்த்து முடித்து, மற்றவர்கள்போலவே மெஸ்ஸைக் கேட்டாள். லீவு என்றார்.

"அப்ப அந்த மெஸ் ஆன்ட்டி கூட்டிட்டுப் போன கடைக்கே விடுங்கண்ணா. போன தடவை நான் லேட்டா வந்தேன், மெஸ்ல சாப்பாடு தீர்ந்திருச்சு. 'நானும் சாப்புடத்தான் போறேன், வா'ன்னு பெருநகர் ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மீன்குழம்பு. என்ன ஆசையா சாப்பிட்டாங்க தெரியுமா!"

வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நேரானது.

ஐசக் கடையில் அந்தப் பெண் உள்ளே போய் உட்கார்ந்தாள். வேதகிரி வாசலிலேயே நின்றார். கல்லாவிலிருந்து ஐசக் எழுந்து வந்தார்.

"என் வூட்டுக்காரி இங்க வருமா?"

"தெனம் வரும், நைனா. மெஸ் வேலை முடிச்சிக்கினு. அந்த மூலைலதான் உக்காரும்."

"என்னாண்ட ஒரு வார்த்த சொன்னதில்லயே."

ஐசக் தோள் துண்டை எடுத்து, வாசலோரம் சுத்தமாக இருந்த மேஜையையே துடைத்தார். "நீ கோச்சிக்கக் கூடாது. உன் ஆட்டோ சத்தம் கேட்டா போதும், பாதி இலைல எய்ந்து உள்ள அடுப்பாண்ட போயி நின்னுக்கும். நீ இந்தப் பக்கம் சவாரி வந்துகினே இருப்ப. மறுபடி வந்து உக்காராது, கூச்சம். முழுசா சாப்ட்டு நான் பாத்ததே இல்ல."

வேதகிரி மூலை மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். அழுகை வந்தது, அடக்கவில்லை. ஐசக் கேட்காமலே இலை போட்டு, சோற்றின்மேல் குழம்பை ஊற்றி, ஏரிக் கெண்டை ஒரு துண்டு வைத்தார்.

முதல் கவளத்தைப் பிசைந்தார். வெளியே சாலையில் யாருடைய ஆட்டோவோ வருகிற சத்தம் கேட்டது.

சோற்றில் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது.