சுவர் நிறைய எழுத்து

போன ஞாயிறு மிஸ் என் பேப்பரைத் திருப்பித் தந்துவிட்டார். ‘விரிவாக எழுதவும்’ என்று சிவப்பு மையில் ஒரு குறிப்பு.

கண்டியில் டிசைன் வகுப்புக்குப் போவதை இந்தப் பக்கத்தில் முன்பே சொல்லியிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு ஸ்கூலை விட்டவன். பேனர் அடிக்கும் கடையில் வேலை. ஞாயிறு மட்டும் மாணவன். டைப்போகிராபி, அதாவது எழுத்து வடிவமைப்புப் பாடத்தில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்.

விரிவாக எழுத எனக்கு வராது. ஆனால் கோபம் இருக்கிறது. எழுதிப் பார்க்கிறேன்.

ஒன்றும் படிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். எழுத்தை இழுக்கக் கூடாது. நசுக்கக் கூடாது. மூச்சுவிட இடம் கொடுக்க வேண்டும். கடையில், பேனரில் இடம் போதாவிட்டால் தமிழ் வரியைத்தான் நசுக்கச் சொல்வார்கள். இப்போது முடியாது என்கிறேன். முதலாளி முறைக்கிறார். முறைக்கட்டும்.

பாடம் முடிந்த சந்தோஷத்தில் எல்லோரும் டவுனில் ஒரு கஃபேக்குப் போனோம். வீட்டு ஆட்களும் வரலாம் என்றார்கள். என் மனைவி செல்வியைக் கூட்டிப்போனேன்.

செல்வி பள்ளிக்கூடம் போனது கொஞ்சக் காலம்தான். இப்போதுதான் பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். அம்பிட்டியவில் ஏறினால் டவுன் வரும்வரை உதடு அசைந்துகொண்டே இருக்கும். நான் குறுக்கே பேசமாட்டேன்.

அந்தக் கஃபேயில் ஒரு சுவர். மேலிருந்து கீழ்வரை தமிழ் எழுத்துகள். ஆள் உயரத்துக்கு ஒரு ‘ழ’. அதன் தலையில் ஒரு ‘ஞூ’. எங்கள் வகுப்புக் கீர்த்தி வரைந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நல்ல கை. மிஸ் கைதட்டினார். எல்லோரும் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள்.

செல்வி டாய்லெட் தேடி எழுந்து போனாள். ரொம்ப நேரம் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால்... சுவருக்கு முன்னால் நிற்கிறாள். விரல் ‘ழ’வில். உதடு அசைகிறது. பின்னால் இரண்டு பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இவள் எப்போது நகர்வாள் என்று நிற்கிறார்கள்.

“எல்லா எழுத்தும் தெரியுதுங்க. ஆனா ஒன்னும் வெளங்கல. மறந்துருச்சுபோல.”

டாய்லெட் எங்கே இருந்தது? அந்தச் சுவரின் ஓரத்திலேயே. ஒரு கதவில் ஒரு தொப்பிப் படம். அடுத்த கதவில் இன்னொரு தொப்பி. எது ஆணுக்கு, எது பெண்ணுக்கு? ஓர் எழுத்து இல்லை. எந்தப் பாஷையிலும் இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் உதடு அசையவில்லை. மடியைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“அது சும்மா எழுத்து, செல்வி. அர்த்தம் கிடையாது” என்றேன்.

“சமாளிக்காதீங்க. ஒன்னுமில்லாததுக்கு யாராச்சும் செவரு பூரா எழுதுவாங்களா?”

அந்த வாரம் முழுக்க அவள் ஒரு பலகையையும் வாசிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கீர்த்தியைப் பிடித்தேன்.

“அது வாசிக்கிறதுக்கில்லை அண்ணா. வடிவுக்குத்தான்.”

“வாசிக்கிறவங்க வந்தா?”

“தமிழ் ஆக்கள் அங்க பெரிசா வாறேல்லை அண்ணா.”

வந்தாளே! தன் எழுத்தை அவ்வளவு பெரிதாகப் பார்த்து, ஆசையாக நின்று வாசித்தாளே! ‘உனக்கு வாசிக்கத் தெரியாது’ என்றல்லவா அந்தச் சுவர் அவளைத் திருப்பி அனுப்பியது? அழகுதான் வேண்டுமென்றால் பூ வரையுங்கள். யானை வரையுங்கள். யானையை யாரும் எழுத்துக் கூட்டி நிற்கமாட்டார்கள்.

செல்விக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, கீர்த்தியிடம் நீட்டினேன். “நீயே சொல்லு.”

“அக்கா... நான்தான் அதைக் கீறினனான். அதில ஒண்டும் எழுதேல்லை அக்கா. உங்களுக்கு ஒண்டும் மறக்கேல்லை.”

செல்வி கேட்டாள் —

“ஒன்னுமில்லாததுக்கா தங்கச்சி அத்தன பெயிண்ட்டு?”

கீர்த்தி சிரிக்கவில்லை. நல்ல பிள்ளைதான். “நான் யோசிக்கேல்லை அக்கா” என்றாள். அன்றைக்குத்தான் மிஸ் அந்தப் பேப்பரை எழுதச் சொன்னார். எழுதினேன். அதுதான் இப்போது சிவப்பு மையோடு திரும்பி வந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து பேப்பரை மேசையில் போட்டுவிட்டு முகம் கழுவப் போனேன். வந்து பார்த்தால் பேப்பர் செல்வி கையில். உதடு அசைகிறது. நான் குறுக்கே பேசவில்லை.

‘சுவரில் எழுதும் முன் கதவில் எழுது.’

நின்று நின்று, கடைசி எழுத்துவரை வாசித்தாள். நிமிர்ந்தாள்.

“நல்லாத்தானே வெளங்குது... இன்னும் என்னத்த விரிவா எழுதணுமாம்?”