கிட்டாருக்குப் பூஜை போட்ட வருஷம்

போன வாரம் என் பழைய எலக்ட்ரிக் கிட்டாரைத் திருப்பதியில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வயசாகிவிட்டது இல்லையா, கம்பியை அழுத்தினால் விரல்தான் அமுங்குகிறது. ரிப்பேர் பார்ப்பவர் தாடி வைத்த ஆளாக இருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டு போயிருந்தேன். இருந்தது கண்ணாடி போட்ட ஒரு பெண், என் மகளைவிடச் சின்னவள். கிட்டாரை மேசைமேல் படுக்கவைத்து, தலைப்பக்கம் இருக்கும் சின்ன மூடியைக் கழற்றியவள், அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உள்ள சிவப்பா ஏதோ இருக்கு அங்கிள். துரு மாதிரி தெரியல. குங்குமமா?"

குங்குமமேதான். வைத்தவர் எங்கள் நைனா, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கடை என்றும் பாராமல் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரித்தேன் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்ல நேரமில்லை, உங்களுக்குச் சொல்கிறேன்.

நகரியில் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்கப் பவர்லூம். நாலு தறி. வீட்டுக்குள் பேசுவதற்கே கத்த வேண்டும். நகரிக்காரன் ரகசியம் சொன்னால் புத்தூரில் கேட்கும் என்று எங்களைக் கேலி பேசுவார்கள், பொய்யில்லை. எல்லை பிரித்தபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நாங்கள் ஆந்திராப் பக்கம் நின்றோம். அந்தக் கலாட்டாவில் பிறந்தவன் நான். அதனால்தான் ஒரு இடத்தில் நிலைக்காமல் தறிக்கும் பாட்டுக்கும் நடுவில் அலைகிறேன் என்பது நைனாவின் கண்டுபிடிப்பு.

கிட்டாரை மெட்ராஸில் பழசாக வாங்கினேன். கழுத்துக்கட்டைக்குள்ளே ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது, கட்டை வளைந்தால் அதைத் திருகி நிமிர்த்துவார்கள், தெரியாமல் கைவைத்தால் கட்டை உடைந்துபோகும் என்று விற்றவர் மூடியைத் தட்டிக் காட்டிப் பயமுறுத்தி அனுப்பினார். நைனாவுக்கு அதன் பெயர் 'அந்தப் பொட்டி'. 'அந்தப் பொட்டி சோறு போடுமாடா?' என்று கேட்பார், பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன். சோறு போடுகிற எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் பொட்டு உண்டு. தறி, அதில் நூலைக் கொண்டு ஓடும் நாடா, ஸ்பேனர், ஏன், அம்மாவின் அரிவாள்மணைக்குக்கூட. கழுவாத சாமானுக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்பது நைனாவின் சட்டம். முதல் நாளே எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, முற்றத்து வெயிலில் வரிசையாகக் காயவைப்பார். கிட்டார் மூன்று வருஷம் இந்த வரிசையில் சேரவில்லை. நானும் கேட்கவில்லை. ரோஷம்.

நாலாவது வருஷம் புத்தூரில் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் எனக்கு வாய்ப்பு வந்தது. விஜயதசமி அன்று சாயங்காலம் அம்மன் கோயிலில் கச்சேரி. பாதித் தமிழ்ப் பாட்டு, பாதித் தெலுங்குப் பாட்டு. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கூட்டத்தில் ஒரு பாதி எழுந்து நிற்கும், எங்கள் ஊர்ப்பக்கம் அப்படி. நன்றாக வாசித்தால் நான் நிரந்தரம், சொதப்பினால் திருப்பதியிலிருந்து வேறு ஆள் என்று ஆர்கெஸ்ட்ராக்காரர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். வேறு ஆள் வந்தால் நான் அஞ்சாவது தறிதான். இதை நான் வீட்டில் சொல்லவில்லை, எப்படியோ நைனா காதுக்குப் போயிருக்கிறது.

பூஜைக்கு முதல் நாள் முற்றத்தில் உட்கார்ந்து நாடாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தவர், தலை நிமிராமல் சொன்னார்.

"அந்தப் பொட்டியையும் எட்த்துக்கினு வாடா."

எனக்கு அப்படியே நெஞ்சு நிறைந்துவிட்டது. மூன்று வருஷ ரோஷம் எங்கே போனதோ. ஓடிப்போய் எடுத்து வந்தேன். கழுவத் தோதாகக் கம்பிகளை நானே கழற்றிக் கொடுத்தேன், பாருங்கள் என் சாமர்த்தியத்தை. நைனா கழுத்துக்கட்டையை ஈரத்துணியால் அழுத்தி அழுத்தித் துடைத்தார். மரத்தில் பதித்த குறுக்குக் கம்பிகள், ஃபிரெட் என்போமே, அவற்றின் இடுக்கிலெல்லாம் தண்ணீர் விட்டுச் சுரண்டினார். குழந்தையைக் குளிப்பாட்டுகிற பக்குவம். பிறகு ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் சாய்த்து வெயிலில் காயவைத்தார். எலக்ட்ரிக் சாமானைக் குளிப்பாட்டலாமா என்று ஒரு மனசு சொல்லிக்கொண்டுதான் இருந்தது. இன்னொரு மனசு 'வாயை மூடு' என்றது. இரண்டாவது மனசு சொன்னதைக் கேட்டேன்.

பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியாமல் தொடக்கூடாது. விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டி முடித்ததும் கம்பிகளை மாட்டிச் சுருதி சேர்த்து மீட்டினேன். தறி ஒன்றும் ஓடவில்லை, ஊரே அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் கிட்டார் சர்ர்ர் என்று இரைந்தது. எங்கே அழுத்தினாலும் சர்ர்ர். தகரத்தில் வண்டு மாட்டிய மாதிரி.

நைனா வாசலிலிருந்து உள்ளே வந்தார். தறிக்காரர் காது அது, தப்பவே தப்பாது.

"இன்னாடா சத்தம் அது?"

இப்போதுதானே கம்பி மாட்டினேன், அப்படித்தான் இருக்கும் என்றேன். என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் வெயில் விழும் முற்றத்தைப் பார்த்தார்.

"தண்ணி பட்டதால தானே?"

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் தறியிலிருந்து ஒரு பாவு நூலை அறுத்தார். அம்மாவையும் என்னையும் ஆளுக்கொரு முனை பிடிக்கச் சொல்லி, கம்பிகளுக்கு அடியில் கழுத்துக்கட்டையை ஒட்டி விறைப்பாக இழுக்க வைத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நூல் நடுவில் கட்டையைத் தொட்டது, இரண்டு முனையிலும் தூக்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் குடித்த கட்டை நடுவில் முதுகு உயர்த்தி நிற்கிறது.

மூடியைக் கழற்றினோம். மோட்டார் புல்லிக்குப் போடும் ஆலன் கீ ஒன்று உள்ளே இருந்த இரும்புக் கம்பியின் திருகுக்குப் பொருந்தியது, அம்மன் புண்ணியம். உடைந்துபோகும் என்று விற்றவர் சொன்னதைச் சொன்னேன். தறியில் சத்தம் வந்தால் நைனா செய்வது ஒன்றே ஒன்றுதான், இறுக்குவார். இங்கேயும் கால் சுற்று இறுக்கினார். மீட்டினேன். முன்பு சர்ர்ர், இப்போது அதுவும் இல்லை, வெறும் டொக். கம்பிகள் கட்டைமேல் படுத்துவிட்டன. அம்மா பூஜை அறைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

நைனா மறுபடி நூலைப் பிடிக்கச் சொன்னார், கட்டையின் முதுகு இன்னும் உயர்ந்திருந்தது. பிறகு, "இது இறுக்கறது இல்லடா, விடணும்" என்றார். கால் சுற்று விட்டார். காத்திருந்தார். நூல் பிடித்தோம். இன்னும் கால் சுற்று. மறுபடியும் நூல். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போய்விட்டது, ஒருத்தரும் துன்னப் போகவில்லை. கடைசியில் நூலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு இழை இடம் தெரிந்தது. மீட்டினேன். மணி மாதிரி பேசியது. ஒரே ஒரு இடம் மட்டும் அடம் பிடித்தது. தண்ணீரில் ஊறி அஞ்சாவது ஃபிரெட் ஒரு ஓரம் எழும்பியிருந்தது, அங்கே மட்டும் லேசாக சர்ர். போகட்டும் என்று விட்டோம்.

மூடியைப் பூட்டும் முன் நைனா பூஜைத் தட்டில் விரலை வைத்து, மூடியின் உள்பக்கம் ஒரு பொட்டு இட்டார். வெளியில் தெரியாதே என்றாள் அம்மா. வேலை செய்கிறவன் உள்ளேதானே இருக்கிறான் என்றார் நைனா.

கச்சேரி அமர்க்களம். நான் நிரந்தரம். கூட்டத்துக்குக் கடைசியில் நின்று கேட்ட நைனா, பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அத்தினி வாத்தியத்துல உன்னுது எதுன்னு எனக்குத் தெரிஞ்சிப்போச்சு. நடுநடுவுல சர்ருன்னு வருதே, அதானே நீ?"

அதற்கப்புறம் எங்கள் ஊர்ப்பக்கம் எந்தக் கோயிலில் நான் வாசித்தாலும், தூரத்து ஒலிபெருக்கியைக் கேட்டுப் பக்கத்திலிருப்பவரிடம் 'அது எம்புள்ள' என்பாராம். ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.

தறிகளை விற்றாயிற்று. நைனா போய்ப் பதினெட்டு வருஷம் ஆயிற்று. கடைப்பெண் குங்குமத்தைத் துடைக்கத் துணியை எடுத்ததும் அவசரமாகத் தடுத்தேன், அது இருக்கட்டும் அம்மா என்றேன். சிரித்துக்கொண்டே அப்படியே வைத்து மூடினாள். ரெண்டு நாள் கழித்துப் போனபோது கிட்டார் தயாராக இருந்தது. கம்பிகள் விரலுக்கு வெண்ணெயாக இருந்தன.

"அஞ்சாவது ஃபிரெட் தூக்கிக்கினு இருந்தது அங்கிள், அதையும் உக்கார வெச்சிட்டேன். வாசிச்சுப் பாருங்க, ஒரு சத்தம் வராது."

வாசித்தேன். மேலிருந்து கீழ் வரைக்கும், அஞ்சாவதில் ரெண்டு தரம். அவள் சொன்னது சரி. பிரமாதம் என்றேன், பொய்யில்லை. இனி கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், அது நான்தான் என்று யாருக்கும் தெரியாது.