சேற்றில் இறங்கிய செங்கல்

டெசாங்காவின் கொட்டிலிலிருந்து குதிரை மேயும் வயலுக்குப் போகும் வழி அதிக தூரமில்லை. கோடையில் யாரோடாவது பேசிக்கொண்டே நடந்தால், பேச்சு முடிவதற்குள் வயல் வந்துவிடும். ஜனவரியில் பனி உருகத் தொடங்கியதும் அதே வழி காலைப்பொழுது முழுவதையும் விழுங்கிவிடும். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் அண்டை வயல்காரன் ஸ்பாசோயேயின் கோதுமை. சுற்றிப் போக இடம் கிடையாது. குதிரை மிதித்து, மனிதர் மிதித்து, நடுவழி களியாகக் குழைந்து கிடக்கும். காலைத் தூக்கினால் கால் மட்டும் வரும், பூட்ஸ் உள்ளேயே நின்றுவிடும்.

எங்கள் டிசா ஆற்றுச் சமவெளியின் மண் கறுப்பு. விதைத்ததெல்லாம் விளையும். ஆனால் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் ஒரு கூழாங்கல்கூட அகப்படாது. சேற்றில் போட எங்களுக்குக் கிடைப்பவை இரண்டுதான்: மக்காச்சோளத் தட்டை, இல்லையென்றால் இடிந்த வீட்டின் செங்கல். தட்டை ஒரு மாதத்தில் அழுகிச் சேற்றோடு சேர்ந்து சேற்றை இன்னும் பெருக்கும். அதனால் ஊரில் ஒரு வீடு இடிபடுகிறது என்றால் மறுநாள் காலையிலேயே அதன் வாசலில் டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும்.

டெசாங்கா வண்டிக்காரரின் மகள். சர்க்கரை ஆலையில் மூட்டை தைக்கும் இயந்திரத்தில் வேலை பார்த்தாள். ஆலையை மூடியபோது அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கையில் வந்ததை வைத்து இரண்டு கறுப்புக் குதிரைகளையும் ஒரு பழைய சாரட்டையும் வாங்கினாள். கல்யாணங்களுக்கு மணமக்களை ஏற்றிக்கொண்டு தேவாலயத்துக்குப் போவாள். கல்யாணம் இல்லாத மாதங்களில் விறகு இழுப்பாள். இரண்டில் ஒன்று வயதாகி இறந்துபோக, லாஸ்தா மட்டும் மிஞ்சியது. சாரட்டுக்கு இரண்டு வேண்டும். அதனால் லாஸ்தாவைச் சினைக்கு விட்டிருந்தாள்.

அவளுக்கு ஒரே தம்பி, மிலேன்கோ. மீசை சரியாக முளைக்காத வயதிலேயே கொத்தனார் வேலைக்கு ஆஸ்திரியாவில் லின்ஸ் நகரத்துக்குப் போனவன். படுக்கையில் கிடந்த அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதால் வீடு டெசாங்காவுக்கு வந்தது. அதை ஒட்டிய வெற்று மனை மிலேன்கோவுக்கு.

"இங்க வீடு கட்டுவேன்க்கா. கடைசிக் காலத்துக்கு எனக்கு இந்த ஊருதான்," என்று அன்றே சொன்னான்.

ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் வருவான். ஒரு லோடு செங்கல் வாங்கி, தன் கையாலேயே அடுக்கி, மேலே தார்ப்பாய் கட்டிவிட்டுப் போவான். இப்படியே இருபது கோடை போயிற்று. வீடு வரவில்லை, அடுக்கு மட்டும் கூரைக்குச் சமமாக வளர்ந்தது. "மிலேன்கோ வீட்டை மடிச்சு வச்சிருக்கான். வந்து பிரிச்சா போதும், குடியேறிடலாம்," என்று ஸ்பாசோயே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். மிலேன்கோவும் கூடச் சேர்ந்து சிரிப்பான். ஞாயிறுதோறும் லின்ஸிலிருந்து பேசும்போது கடைசியாக ஒரு கேள்வி கேட்பான்: "செங்கல் நனையலையே அக்கா?"

அந்தக் குளிர்காலத்தில் லாஸ்தாவின் பின்னங்கால்கள் வீங்கின. குளம்புக்கு மேலே, மயிர் மறைத்த இடத்தில், பொருக்குப் பொருக்காகப் புண். கால்நடை மருத்துவர் வந்து குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகம் நன்றாக இல்லை.

"இன்னும் ஒரு மாசம் இந்தச் சேத்துல நின்னா புண்ணு மேல ஏறிடும். அப்புறம் குட்டியும் இருக்காது, தாயும் இருக்காது."

"கொட்டில்லயே கட்டிப்போட்டா?"

"சினைக்குதிரை நாள்பூரா நின்ன இடத்துல நின்னா காலு இன்னும் வீங்கும். நடக்கணும். காஞ்ச தரையில நடக்கணும்."

"காஞ்ச தரைய எந்தக் கடையில போயி வாங்குறது டாக்டரம்மா?"

 மருத்துவரின் கண் வேலிக்கு அப்பால், தார்ப்பாய் போர்த்திய அடுக்கின்மேல் ஒரு நொடி நின்று திரும்பியது. அப்படி டெசாங்காவுக்குத் தோன்றியது. அதற்கு முன் அவளுக்கு அந்த யோசனை வந்ததே இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். மிலேன்கோ அன்று முதுகுவலியைப் பற்றியும் மேஸ்திரியின் வாயைப் பற்றியும் நிறுத்தாமல் பேசினான். கடைசியில் வழக்கமான கேள்வியைக் கேட்டான். "நனையலடா," என்றாள் அவள். கேட்க நினைத்ததைக் கேட்காமலே போனை வைத்தாள்.

மறுநாள் காலை தார்ப்பாயின் ஒரு மூலையை அவிழ்த்தாள். உடைந்ததையும் மூளியானதையும் மட்டும் எடுப்பது என்று தனக்குள் பேசிவைத்திருந்தாள். தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், சேறு மிக மோசமாக இருந்த இடத்தில் கொட்டினாள். அடுத்த நாள் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. இன்னும் நாலு வண்டி கொட்டினாள். அதையும் காணோம். உடைந்தது தீர்ந்துபோய், முழுச் செங்கலில் கை வைத்தாள். சம்மட்டியால் உடைத்துக் கொட்டக் கொட்டச் சேறு வாங்கிக்கொண்டே இருந்தது.

ஸ்பாசோயே தன் கோதுமையைப் பார்க்க வந்தவன் வாய்க்கால் கரையில் நின்று வேடிக்கை பார்த்தான்.

"என்ன டெசாங்கா, சேத்துக்கு விருந்தா? பலமா இருக்கு!"

"வந்த வேலையப் பாத்துட்டுப் போ."

"போறேன் போறேன். அடுத்த பந்தி எப்பன்னு மட்டும் சொல்லு."

"ஸ்பாசோயே, கையில சம்மட்டி இருக்கு."

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "கோவிச்சுக்காத. இப்படி மேலயே கொட்டினா உன் தம்பி வீடு மொத்தமும் உள்ள போயிடும். முதல்ல சேத்தை வழிச்சு எறியணும், அடியில கெட்டி மண்ணு தட்டுற வரைக்கும். அதுக்கு மேல போட்டாத்தான் நிக்கும்."

"பாவி! இதை முதல் நாளே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"நீ கேக்கவே இல்லியே. நீ பாட்டுக்கு விடியறதுக்கு முன்னாடி வந்து, யாரும் பாக்காம கொட்டிட்டுப் போற. நான் என்னன்னு சொல்ல?"

அவள் திரும்பி அடுக்கைப் பார்த்தாள். பாதி போயிருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பின்னாளில் தன்னைத்தானே கேட்டுக்கொண்டபோதெல்லாம் அவள் வந்து நின்றது அந்த இடத்தில்தான். ஆனால் அன்று அவளுக்கு வேறு மாதிரிப் பட்டது. இப்போது நிறுத்தினால் போன பாதி வீணாகிவிடும். லாஸ்தாவின் காலும் ஆறாது. மீதியையும் போட்டு வழியை முடித்துவிட்டால், எல்லாமே ஒரு காரியத்துக்கு ஆனதாக இருக்கும்.

ஸ்பாசோயேயின் டிராக்டரை வைத்துச் சேற்றை வழித்தாள். கெட்டி மண் தட்டியது. செங்கல்லை உடைத்துப் பரப்பி, குளம்பில் குத்தாமலிருக்க மேலே ஆற்று மணலைக் கொட்டினாள். இந்த முறை நின்றது. பிப்ரவரி முடியும்போது வழியும் முடிந்திருந்தது, அடுக்கும் முடிந்திருந்தது. லின்ஸுக்கு ஊரிலிருந்து யாராவது போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்பார்கள். ஒருவர் கண்ணில் பட்டாலும் செய்தி மிலேன்கோவுக்குப் போய்விடும். அதனால் சோளத்தட்டைக் கட்டுகளை அதே உயரத்துக்கு அடுக்கி, அதே தார்ப்பாயை மேலே இழுத்துக் கட்டினாள். முடிச்சுகூட அவன் போடும் முடிச்சு மாதிரியே போட்டாள்.

மார்ச் மாதத்தில் லாஸ்தா ஒரு பெண்குட்டி போட்டது. கால் புண் ஆறி, புது மயிர் முளைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் டெசாங்கா குட்டியைப் பற்றி நிறையப் பேசினாள். செங்கல் நனையவில்லை என்றும் சொன்னாள்.

ஏப்ரலில் ஒரு மத்தியானம் லின்ஸ் நம்பர் போட்ட வேன் ஒன்று வாசலில் வந்து நின்றது. மிலேன்கோ இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். பின்னால் கலவை இயந்திரம், கரண்டிகள், மட்டப்பலகை எல்லாம் இருந்தன.

"வேலைய விட்டுட்டேன்க்கா. முதுகு போதும்னு சொல்லிருச்சு. இந்தத் தடவை திரும்பப் போறதில்ல. நாளைக்கே அஸ்திவாரம் தோண்டிடலாம்."

"முதல்ல சாப்பிடுடா. பீன்ஸ் சூப் அடுப்புல இருக்கு."

"இரு, ஒரு தடவை பாத்துட்டு வந்துடுறேன்."

அவள் தடுக்கவில்லை.  அவன் முடிச்சை அவிழ்த்துத் தார்ப்பாயைத் தூக்கினான். சோளத்தட்டையைப் பார்த்ததும் அவனுக்கு எதுவும் தவறாகத் தோன்றவில்லை. செங்கல்லுக்குக் குளிராமல் அக்கா தட்டை வைத்து மூடியிருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். கட்டுகளுக்கு நடுவே தோள்வரை கையை விட்டுத் துழாவினான். அவன் கை அப்படித் தேடியதை டெசாங்காவால் சாகும்வரை மறக்க முடியாது.

"எங்கக்கா?"

அவள் முன்னால் நடந்தாள். வழியின் தொடக்கத்தில் நின்று, தரையைக் காட்டினாள். மிலேன்கோ குந்தி உட்கார்ந்து மணலை விலக்கிப் பார்த்தான். எழுந்து குதிகாலால் ஓங்கி மிதித்துப் பார்த்தான். தொழில்காரனின் கேள்விதான் முதலில் வந்தது.

"அடிச்சேத்தை வழிச்சியா?"

"பாதி போட்ட பிறகுதான் தெரிஞ்சுது."

"அப்ப அந்தப் பாதி?"

"உள்ள போயிடுச்சு. கம்பி விட்டுத் தேடிப் பாத்தேன். எட்டல."

அவன் விரலை மடக்கி எண்ணினான். "பத்துக் கோடை லீவு உள்ள கிடக்கு," என்றான். "மேல இருக்கறது பரவால்லக்கா. அது குதிரைக்கு ஆச்சு."

"முன்னாடியே கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

"மாட்டேன். சண்டை போட்டிருப்பேன். உன்னை வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன்." கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டான். "அப்புறம் லீவு போட்டுட்டு நானே வந்து சேத்தை வழிச்சிருப்பேன்."

மறுநாள் அவன் வேனிலிருந்து கரண்டியையும் மட்டப்பலகையையும் இறக்கினான். டெசாங்காவுக்கு நெஞ்சு லேசாயிற்று. அவன் அவற்றை எடுத்துக்கொண்டு மனைக்குப் போகவில்லை, வழிக்குப் போனான். தண்ணீர் வாய்க்காலுக்கு ஓடும்படி தரையைச் சரித்தான். ஓரங்களில் கட்டைகளைப் புதைத்துச் செங்கல் சரியாமல் அணைத்தான். அவள் போட்ட ஆற்று மணலைக் குறைசொல்லி, பாதியை வாரிவிட்டு வேறு கொண்டுவரச் சொன்னான். முதுகு தாங்காதபோது முழங்காலில் நின்று வேலை செய்தான். அவள் தினமும் சூப் கொண்டுபோய்க் கொடுத்து, அவன் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை செய்கிறவன் இருந்துவிடுவான் என்று நம்பினாள்.

வேலை முடிந்த அன்று மாலை சொன்னாள்: "குட்டிய வித்துடறேன்டா. அந்தக் காசுல ஆரம்பி."

"அது பிழைக்கத்தானே இவ்வளவும்? வித்துட்டா அப்புறம் இது எதுக்கு?"

"அப்ப என்கூட இரு. முன்னறை சும்மாதானே கிடக்கு."

"உன் வீட்டுல விருந்தாளியா இருக்கவாக்கா நான் அத்தனை வருஷம் வந்துட்டுப் போனேன்?"

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பாள். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். லின்ஸுக்கே திரும்பிப் போகும் வழியில் ஸ்பாசோயே வீட்டு முன் வேனை நிறுத்தி, மனையில் சோளம் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனான். மே மாதம் ஸ்பாசோயே உழுதபோது, அடுக்கு இருந்த சதுரத்தில் மட்டும் கலப்பை இறங்காமல் துள்ளியது. அவன் அன்று ஒரு கேலியும் பேசவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் டெசாங்காவின் வழியைப் பற்றி அக்கம்பக்கத்து ஊர்களிலும் பேச்சிருந்தது. பனி உருகிக்கொண்டிருந்த ஒரு காலையில், இடுப்புவரை சேறான இளம் தம்பதி ஒன்று பார்க்க வந்தது. அவர்களுக்கும் ஒரு குதிரை, அதே புண். டெசாங்கா பொறுமையாக எல்லாம் சொன்னாள். சேற்றை எவ்வளவு வழிக்க வேண்டும், எந்தப் பக்கம் சரிக்க வேண்டும், எந்த மணல் நிற்கும். லாஸ்தாவும் குட்டியும் அவர்களைக் கடந்து வயலுக்கு நடந்தன. குளம்பு மட்டும் நனைந்திருந்தது.

"இவ்வளவு செங்கல் எங்க கிடைச்சுது பெரியம்மா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"என் தம்பியோடது."

"குடுத்தாரா? நல்ல மனுஷன்!"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் பேச்சு அதோடு போயிருக்கும். டெசாங்கா வழியின் நடுவே நின்றாள்.

"குடுக்கலம்மா. நான் எடுத்துக்கிட்டேன். வீடு கட்ட வச்சிருந்தான்."

 அந்தப் பெண்ணின் கணவன் மெல்ல நகர்ந்து, காய்ந்த தரையிலிருந்து இறங்கி ஓரத்துப் புல்லில் போய் நின்றுகொண்டான்.