மரியம் ஜெயித்தாளா?

ஜலஜா மலேசியாவில் கிள்ளானில் பிறந்து, கல்யாணமாகி அமெரிக்காவில் மில்பிடாஸுக்கு வந்தவள். தமிழும் மலாயும் அவளுக்கு ஒன்றுபோலத்தான். ஒன்றை நினைத்துவிட்டால் விடமாட்டாள். புருஷன் திருமூர்த்தி பொள்ளாச்சிக்காரர். சொல்லிப் பார்ப்பார், பிறகு அவள் வழிக்கே வந்துவிடுவார்.

தொண்ணூற்றொன்பதில் அவள் நினைத்தது இதுதான்: தம்பி சுப்பையன் கேமரா பிடித்த மலாய்ப் படத்தை நிறைந்த தியேட்டரில் ஓட்டிக் காட்ட வேண்டும். மரியம் என்கிற மீனவ விதவை படகுப் போட்டிக்குப் போகிற கதை. இடுப்பளவு உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் நின்று எடுத்தான். கோலாலம்பூரில் நாலே நாளில் படத்தைத் தூக்கிவிட்டார்கள். ஹாலிவுட் படத்துக்கு இடம் வேண்டுமாம். பார்க்க நினைத்த ஜனமும் சந்தையில் திருட்டு விசிடி வாங்கி வீட்டிலேயே பார்த்துவிட்டது.

"மலாய்ப் படத்துக்கு இனிமே ஆளு வராது லா, அக்கா. ஃபேக்டரில வேலை இருக்கு. கேமராவ வெச்சிடப் போறேன்" என்று போனில் சொன்னான்.

"ஒரு மாசம் பொறு. ஆளு வர்றத நான் காட்டறேன். படப்பெட்டிய அனுப்பு."

வாராவாரம் தமிழ்ப் படம் போடுகிற தியேட்டரில் ஒரு ஞாயிறு காலை ஆட்டத்தைக் கேட்டு வாங்கினாள்.

"ஏம்மணி, பாஷை தெரியாத படத்த யாரு வந்து பார்ப்பாங்க?" என்றார் திருமூர்த்தி.

"நான் மைக் புடிச்சு தமிழ்ல சொல்றேன். நீங்க இன்டர்வெலுக்கு டீ போடுங்க."

கோவில், டேகேர் வாசல், பிறந்தநாள் விருந்து என்று போன இடமெல்லாம் மரியத்தின் கதைதான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

வியாழக்கிழமை மயில்சாமியின் மளிகைக் கடைக்குப் போனால், கல்லாப் பக்கத்தில் அந்தப் படத்தின் விசிடி அடுக்கியிருக்கிறது!

"கோலாலம்பூர் போயிட்டு வந்தவரு ஒருத்தர் குடுத்தாருங்க அக்கா. ரெண்டு டிஸ்க், கீழ இங்கிலீஷ்ல எழுத்தும் வருது. நம்ம அக்கா தம்பி படமாச்சேன்னு புது கம்ப்யூட்டர்ல நானே காப்பி பண்ணி, அரிசி மூட்டை வாங்கறவங்களுக்கெல்லாம் சும்மா குடுத்தேனுங்க. விளம்பரம் மாதிரி!"

"அங்க அடிச்சது பத்தாதுன்னு இங்கயும் என் தம்பி வயித்துல அடிச்சிட்டீங்களே அண்ணே! வீட்லயே பார்த்துட்டா எவன் தியேட்டருக்கு வருவான்?"

மயில்சாமியின் முகம் சுருங்கிவிட்டது. ஐம்பது வீட்டுக்குப் போயாகிவிட்டதாம். ஜலஜா அரிசி வாங்காமலே திரும்பினாள். ஆனாலும் ஆட்டத்தை ரத்து செய்யவில்லை. காலி நாற்காலிக்காவது கதை சொல்லுவேன் என்றாள்.

ஞாயிறு காலை காரை நிறுத்த இடமில்லை. வாசலில் மீனாக்ஷி ஆன்ட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜலஜா, அந்த மரியம் ஜெயிச்சாளா இல்லையா? மூணு நாளா தூக்கமில்ல!"

"விசிடில பார்க்கலையா, ஆன்ட்டி?"

"எங்க பார்க்கறது? படகெல்லாம் வரிசையா நிக்கறது, கொம்பு ஊதறான், டிஸ்க் முடிஞ்சுது. ரெண்டாவதப் போட்டா மறுபடியும் முதல்லேர்ந்து ஓடறது! எல்லார் ஆத்துலயும் இதே கதைதான்."

மயில்சாமி முதல் டிஸ்க்கையே இரண்டு முறை காப்பி எடுத்திருக்கிறார்! அவரே வரிசையில் நின்றார்.

"நாந்தான் அப்பவே சொன்னேனுங்களே அக்கா, விளம்பரம்னு!"

"பேசாதீங்க அண்ணே. உள்ள போயி உக்காருங்க."

சுப்பையன் அனுப்பிய பிரிண்டில் இங்கிலீஷ் எழுத்து கிடையாது. ஜலஜா மைக்கில் தமிழில் சொல்லச் சொல்ல, முதல் பாதியைப் பார்த்து வைத்திருந்தவர்கள் அவளுக்கு முன்னால் வசனத்தைச் சொல்லிச் சிரித்தார்கள். கொம்பு ஊதியதும் தியேட்டரே மூச்சைப் பிடித்தது. மரியத்தின் படகு கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகத் தாண்டி வந்தது. ஜலஜா மைக்கை மடியில் போட்டுவிட்டு, "தள்ளு, தள்ளு!" என்று கத்தினாள். மொழிபெயர்ப்பை யாரும் கேட்கவில்லை. படகின் மூக்கு எல்லைக் கயிற்றைத் தொட்டதும் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். அவள் திரைக்கு முதுகைக் காட்டி நின்று, அந்தக் கூட்டத்தை போட்டோ எடுத்தாள்.

இரண்டு வாரம் கழித்து, அவள் அனுப்பிய போட்டோக்கள் கிடைத்ததும் சுப்பையன் போன் செய்தான்.

"போட்டோ எல்லாம் ஆடிப் போயிருக்கு அக்கா. யாரு எடுத்தது?"

"நாந்தாண்டா. குதிச்சுக்கிட்டே எடுத்தேன்."

"கேமராவ அப்படியா புடிப்பாங்க? அடுத்த படத்த நானே அங்க கொண்டாந்து, கூட்டத்த நானே எடுக்கறேன்."

"அப்ப ஃபேக்டரி?"

"எந்த ஃபேக்டரி?" என்றான் அவன்.