அலைமேல் போட்ட எழுத்து

எனக்கு ஏழு வயதானபோது, எங்கள் தீவில், டாலிகஞ்ச் பக்கம் எங்கள் தெருவிலேயே நன்றாகத் தமிழ் வாசிப்பவள் நான்தான். அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவளும் நான்தான். தெருவில் மற்ற பிள்ளைகள் வங்காளிகளும் தெலுங்கர்களுமாக இருந்ததால் போட்டிக்கு ஆள் கிடையாது.

அந்த வருஷம் அம்மாவின் தம்பி, என் மாமா, சின்னப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் திரையில் பார்த்து வாசிப்பதற்காக ஒரு கதை தயாரித்துக்கொண்டிருந்தார். தீவிலிருந்து கடல் தாண்டி மெயின்லேண்டுக்குப் போகக் கப்பல் ஏறும் நண்டின் கதை. பிள்ளைகள் தாங்களாகவே வாசித்துவிட்டால் வகுப்பில் போடலாம் என்று சௌல்தாரிப் பக்கத்துப் பள்ளியின் பெரிய டீச்சர் சொல்லியிருந்தார். ஒரு பக்கத்துக்கு இரண்டு வரி, பின்னால் நீல அலை. அந்த அலையை ஆட வைப்பதற்கே மாமாவுக்கு ஒரு வாரம் பிடித்தது. ஆடியதும் அடுக்களையிலிருந்த அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார். அலைக்கு மேலே வெள்ளை எழுத்து.

கதை முடிந்ததும் என்னை உட்கார வைத்தார். மளமளவென்று வாசித்து முடித்தேன். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. சௌல்தாரிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அங்கே நன்றாக வாசிக்கிற பிள்ளைக்கென்று காந்த மூடி வைத்த பென்சில் டப்பா ஒன்று அவர் பையில் இருந்தது. கப்பலில் வந்த டப்பா. அது எனக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பள்ளியில் முதலில் நான் வாசித்தேன். டீச்சர் கைதட்டினார். அடுத்து, இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்ணைக் கூப்பிட்டார்கள். 'நண்டு' என்றாள். அதோடு நின்றுவிட்டாள். அலை போகிற பக்கமெல்லாம் அவள் தலையும் போய் வந்தது. வகுப்பே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நான்.

“சார், பானி ஆடிக்கிட்டே இருக்கு. எழுத்து நிக்க மாட்டேங்குது” என்றாள்.

மாமா சிரிக்கவில்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் உயரத்திலிருந்து திரையைப் பார்த்தார்.

“அச்சா... நுரையும் வெள்ளை, எழுத்தும் வெள்ளை. தப்பு உம்மேல இல்லம்மா. நான் போட்ட எழுத்து மேலதான்.”

சொல்லிவிட்டு, டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். மாமா மெல்லக் கேட்டார்.

“அது சரி, நீ மட்டும் எப்படிடி தடுமாறவே இல்ல?”

கோபத்தில் உண்மை வெளியே வந்துவிட்டது. “நான் எங்க எழுத்தப் பார்த்தேன்? நீங்க டைப் பண்ணும்போதே எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு!”

மாமா இரண்டே விரலால் டைப் அடிப்பவர். ஒவ்வொரு வார்த்தையையும் வாய்விட்டு நாலு தரம் சொன்னால்தான் அவருக்கு விரல் நகரும். ஒரு மாதமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வாழைக்காய் வறுவல் தின்றுகொண்டிருந்த எனக்கு, நண்டு எந்தப் பக்கத்தில் கப்பல் ஏறும் என்பது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

கண்டக்டர் திரும்பிப் பார்க்கும்படி மாமா சிரித்தார். பிறகு, “இனிமே கதைய வாய்விட்டுச் சொல்ல மாட்டேன் போ” என்றார். அதை எனக்கான தண்டனை என்று எடுத்துக்கொண்டு வீடுவரை அழுதேன்.

சொன்னபடியே செய்தார். கூடவே அலையும் போயிற்று. வெளிர் மஞ்சளில் பெரிய கறுப்பு எழுத்து வந்தது. அடுத்த கதையை உதட்டை இறுக மூடிக்கொண்டே அடித்து முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். முதல் முறையாக நிஜமாகவே வாசித்தேன். மூன்று இடங்களில் தட்டித் தடுமாறினேன். எனக்கு அவமானமாக இருந்தது. மாமாவோ ஒவ்வொரு இடத்தையும் திருத்துவதற்கென்று தாளில் குறித்துக்கொண்டார். குறிக்கக் குறிக்க அவர் முகம் மலர்ந்தது. கடைசியில் அதேபோல் ஒரு காந்த மூடி டப்பாவை என் கையில் வைத்தார்.

வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் மனசு நோகக் கூடாதென்று பரிசு கொடுக்கிற நல்லவர் எங்கள் மாமா என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.